மேடையின் மூன்றாம் கால்

தெக்லே அந்த ஏரிக்கரை வீட்டுக்கு எடுத்துப்போன பையில் எல்லாம் இருந்தது, உருப்படியாக ஒரு ரப்பர் பூட்ஸ் மட்டும் இல்லை. கருநீலப் பட்டுக் கவுன் இருந்தது. வால்நட்டைச் சரமாகக் கோத்துத் திராட்சைப் பாகில் முக்கிய இனிப்பு ஆறு சரம், ஜார்ஜியாவிலிருந்து அம்மா அனுப்பியது. விருந்தில் கோப்பையைத் தூக்கி வீட்டாரை வாழ்த்துவதற்காக நான்கு நாள் உட்கார்ந்து ஃபின்னிஷ் மொழியில் எழுதி உருப்போட்ட பேச்சும் ஒரு தாளில் இருந்தது. எல்லாவற்றுக்கும் அடியில், படிப்பை விட்டுப் போவதாகப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிய படிவம். கையெழுத்துப் போட்டாயிற்று. திங்கட்கிழமை கொண்டுபோய்க் கொடுப்பதுதான் பாக்கி.

ஃபின்லாந்தின் யோயென்சூவுக்கு வனவியல் படிக்க வந்து அவளுக்கு ஒன்றரை வருடம் ஆகிறது. மதிப்பெண்ணில் குறையில்லை. குளிர்கூடப் பழகிவிட்டது. இந்த ஊர்க்காரர்களின் மூடிய வாய்தான் பழகவில்லை. நல்லவர்கள்தான். அவள் வழியில் தவறவிட்ட கையுறையை யாரோ எடுத்து, கண்ணில் படும்படி வேலிக்கம்பில் மாட்டிவைத்திருந்தார்கள். ஆனால் பஸ்ஸில் அவள் பக்கத்து இருக்கை காலியாக இருந்தாலும் நின்றுகொண்டே வருவார்கள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் குத்தாயிசியிலிருந்து அம்மா ஃபோனில் ஒரே கேள்வியைத்தான் கேட்டாள்.

"அதெல்லாம் இருக்கட்டும், அங்க உனக்குன்னு யாருடி இருக்கா?"

தெக்லே உடனே வானிலையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவாள். சொல்வதற்கு ஒரு பெயர்கூட இல்லை. சைமி என்று வகுப்பில் ஒருத்தி உண்டு. களப்பணியில் இவளுடைய ஜோடி. ஒன்றரை வருடத்தில் அவர்கள் பேசிக்கொண்டதில் முக்கால்வாசி எண்கள்தான், எல்லாம் மரங்களின் சுற்றளவு. அப்படிப்பட்ட சைமி வியாழக்கிழமை பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "சனி ஞாயிறு எங்க ஏரி வீட்டுக்கு வர்றியா?" என்று கேட்டாள். தெக்லேக்குத் தலைகால் புரியவில்லை. சரி, இந்த இரண்டு நாளைப் பார்த்துவிடுவோம், இதிலும் ஒன்றும் இல்லையென்றால் திங்கட்கிழமை கிளம்பிவிடுவோம் என்று முடிவு செய்தாள்.

அது அக்டோபர் மாதம். அக்டோபரில் ஏரி வீட்டுக்குப் போவது எதற்கென்று எங்கள் ஃபின்லாந்துப் பக்கத்தில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். ஏரி உறைவதற்குள், தண்ணீருக்குள் நீண்டு நிற்கும் மரமேடையைத் தூக்கிக் கரையேற்ற வேண்டும். இல்லாவிட்டால் பனிக்கட்டி அதை அப்பளமாக நொறுக்கிவிடும். எல்லோருக்கும் தெரிந்ததை எதற்குச் சொல்வது என்று எங்கள் ஆட்கள் சொல்வதில்லை. இது தெரியாத மனிதப் பிறவியும் உலகத்தில் இருக்கக்கூடும் என்று சைமிக்குத் தோன்றவே இல்லை. குத்தாயிசியில் எந்த ஏரியும் உறைவதில்லை.

காரிலிருந்து இறங்கியதும் சைமியின் அப்பா தௌனோ வந்தார். கையில் சுத்தியல். தெக்லேயின் முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தார்.

"என்ன சைஸ்?"

"முப்பத்தெட்டு."

"ம்" என்று சொல்லிவிட்டுக் கொட்டகைக்குள் போய்விட்டார். அவ்வளவுதான் வரவேற்பு. தெக்லேயின் ஊரில் விருந்தாளி வாசலில் கால் வைத்தால் வீட்டுக்காரன் ஓடிவந்து கட்டிக்கொள்வான். பக்கத்து வீட்டுக்காரனுக்கும் ஆள் போகும். மேசையில் தட்டு வைக்க இடம் இருக்காது. இங்கே சைமியின் அம்மா ஐலா வந்து, விளிம்பு பெயர்ந்த ஓர் எனாமல் குவளையில் காப்பியை ஊற்றிப் படிக்கட்டிலேயே நீட்டினாள்.

"ரொம்ப நன்றி அத்தை" என்றாள் தெக்லே.

"ஐலான்னு பேரைச் சொல்லியே கூப்பிடு. சூடு ஆறறதுக்குள்ள குடி. வெளிச்சம் போயிடும்."

நின்றபடி குடித்துக்கொண்டே அவள் ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தாள். வெள்ளைத் துணி விரித்த மேசை. அங்கே ஒரு பெண், முழங்கால்மேல் கம்பளி போர்த்தி, தங்கக் கோடு போட்ட பீங்கான் கோப்பையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தாள். எதிரில் ஏலக்காய் ரொட்டி. சைமியின் அண்ணன் யூசோவின் காதலி பெப்பி அவள். பெப்பி கம்பளியை உதறிவிட்டு எழுந்தாள்.

"நானும் வந்து ஒரு கை பிடிக்கிறேனே!"

"ஐயோ, உனக்கு எதுக்கும்மா அதெல்லாம்? நீ உக்காரு. இன்னொரு ரொட்டி எடுத்துக்கோ" என்று உள்ளே திரும்பியிருந்த ஐலா அவளைத் தோளைப் பிடித்து உட்காரவைத்தாள்.

தெக்லேக்குச் சுருக்கென்றது. வரப்போகிற மருமகளுக்குப் பீங்கான், வெளிநாட்டுக்காரிக்குத் தகரம். கூலிக்கு ஆள் கிடைக்கவில்லை என்று கூட்டி வந்திருக்கிறார்கள்! சாலை முக்கில் பஸ் அட்டவணை பார்த்த ஞாபகம் இருந்தது; மாலை ஐந்து மணிக்கு ஒன்று உண்டு. வேலையை முடித்துக் கொடுத்துவிட்டு, நன்றி சொல்லி, அதில் ஏறிவிட வேண்டும். திங்கட்கிழமை வரை யோசிக்க இனி என்ன இருக்கிறது?

தௌனோ மார்பு வரை வரும் ரப்பர் உடையை அவளிடம் கொடுத்தார். மேடைக்கு நான்கு கால். முதல் காலில் அவர், இரண்டாவதில் யூசோ, நான்காவதில் சைமி. ஐலா கரையில் கயிறு சுற்றும் உருளையோடு நின்றாள். மூன்றாம் காலைப் பிடித்துக்கொண்டிருந்த சித்தப்பா வேலை மாறி வடக்கே போய்விட்டார். அந்தக் கால்தான் மகா மோசம். அடியில் ஒரு உருண்டைப் பாறை, அதன்மேல் வழவழவென்று பாசி.

"இடது காலைப் பாறைக்கு அந்தப் பக்கம் ஊனிக்கோ. தலையை ஆட்டுவேன், தூக்கு" என்றார் தௌனோ. அதுவே அவருக்கு ஒரு சொற்பொழிவு.

தண்ணீர் ஏழு டிகிரி. தௌனோ தலையை ஆட்டினார். ஆளுக்கொரு நேரத்தில் தூக்கினார்கள். மேடை ஒரு பக்கம் சாய்ந்து மறுபடி சேற்றில் உட்கார்ந்தது. இரண்டாம் தடவையும் அதே கதை. நான்கு பேர் சேர்ந்து சுமக்கும்போதுகூட வாயைத் திறந்து பக்கத்து ஆளைத் தொந்தரவு செய்யக் கூடாது என்பது எங்கள் ஆட்களின் மரியாதை. அந்த மரியாதையில் முதுகு பிடித்துக்கொண்டவர்கள் எத்தனை பேர் என்று எந்த வைத்தியரையும் கேட்டுப் பார்க்கலாம்.

மூன்றாம் தடவை மேடை தண்ணீரை விட்டு மேலே வந்த நேரம், யூசோவுக்குக் கால் வழுக்கியது. அவன் மூலை தொப்பென்று விழ, பாரம் முழுக்கத் தெக்லேயின் பக்கம் சரிந்தது. "விட்டுடு! விட்டுடு!" என்று கரையிலிருந்து ஐலா கத்தினாள். யாராக இருந்தாலும் விட்டிருப்பார்கள். தெக்லே விடவில்லை. பாறைக்கு அந்தப் பக்கம் ஊன்றிய கால் ஊன்றியபடியே நின்றது. ரப்பர் உடைக்குள் ஐஸ் தண்ணீர் இறங்கியது. அவளுக்கு வந்ததே ஒரு கோபம்! தகரக் குவளை, பஸ், ஒன்றரை வருட மௌனம் எல்லாம் சேர்ந்து தொண்டைக்கு வந்தது. திராட்சை அறுவடையில் கூடையை வண்டியில் ஏற்றும்போது அவளுடைய மாமாக்கள் போடும் கூச்சல் ஒன்று உண்டு. அதை அடிவயிற்றிலிருந்து போட்டாள்.

"ஹோப்பா... ஹோப்பா... ஹேய்!"

அந்த "ஹேய்"யில் நான்கு பேரும் தங்களை அறியாமல் ஒரே நேரத்தில் தூக்கினார்கள். மேடை எழுந்தது. அவள் மறுபடி கூவினாள். மறுபடி ஓரடி நகர்ந்தது. மூன்றாவது கூவலில் யூசோவும் சேர்ந்துகொண்டான். ஐந்தாவதில் தௌனோவின் குரலே கேட்டது. எதிர்க்கரைக்காரர் வீட்டைவிட்டு வெளியே வந்து நின்று பார்த்தார். அந்த ஏரியில் அவ்வளவு சத்தம் கேட்டது, பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் கரடி வந்தபோதுதான்.

மேடை கரையேறி உருளைக்கட்டைகள்மேல் உட்கார்ந்ததும் தௌனோ தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். தெக்லேயைப் பார்த்தார்.

"பரவாயில்ல" என்றார்.

யூசோ திகைத்துப் போனான். "என்னப்பா இது, ஒரேயடியாத் தூக்கி வைக்கிற! நான் பட்டம் வாங்கினப்போகூட இப்படிச் சொல்லலயே!"

ஐந்து மணி பஸ்ஸுக்குக் கிளம்புவதாகத் தெக்லே சொன்னாள். நனைந்த உடம்போடு பஸ் ஏறினால் செத்துப்போவாய் என்று ஐலா அவளைச் சவுனா என்ற நீராவிக் குளியலறைக்குள் தள்ளினாள். முதலில் பெண்கள் முறை. ஐலா தண்ணீர் எடுக்க வெளியே போனதும், மேல்படியில் உட்கார்ந்திருந்த பெப்பி தெக்லேயின் பக்கம் நகர்ந்தாள்.

"உண்மையைச் சொல்லு, என்ன மந்திரம் போட்ட?"

"எதுக்கு?"

"அந்தக் குவளைக்குத்தான்! ரெண்டு வருஷமா வர்றேன், இன்னும் எனக்குத் தங்கக் கோடு போட்ட கப்புதான். ஒரு விறகுக் கட்டையைத் தொட விட்டாங்களா? உக்காரும்மா, ரொட்டி சாப்பிடும்மா. ரொட்டி தின்னே ரெண்டு சைஸ் ஏறிட்டேன். நீ வந்து கால்மணி நேரம் ஆகல, ஆணியில மாட்டற குவளையை எடுத்துக் கையில குடுக்கறாங்க!"

தெக்லேக்குப் புரியவில்லை. "அது வேலையாளுக்குக் குடுக்கறது இல்லையா?"

கீழ்ப்படியில் இருந்த சைமி நிமிர்ந்தாள். ஏற்கெனவே சிவந்திருந்த முகம் இன்னும் சிவந்தது.

"வேலையாளா? யார் சொன்னா? கோடு போட்ட கப்பு வெளியாளுங்க வந்தா எடுக்கறது. பாதிரியார் வந்தா, இன்சூரன்ஸ்காரர் வந்தா, அப்புறம்..."

"சொல்லேன், சொல்லு! அப்புறம் பெப்பி!"

"உன் குவளை சித்தப்பாவோடது" என்றாள் சைமி, தெக்லேயிடம். "மூணாம் கால்ல நிக்கறவங்களோடது."

அதன் பிறகு சைமி பேசியது, தெக்லே அறிந்த வரையில், அவள் வாயிலிருந்து வந்த மிக நீளமான பேச்சு.

"போன வசந்தத்துல சதுப்புல அளவெடுத்தோமே, ஞாபகம் இருக்கா? இடுப்பளவு சேத்துல ரெண்டு மணி நேரம் கோலைப் பிடிச்சுட்டு நின்ன. கோல் ஆடவே இல்ல. குளிருதுன்னு ஒரு வார்த்தை சொல்லல. அன்னிக்கு ராத்திரியே வீட்டுக்கு ஃபோன் பண்ணி, மூணாம் காலுக்கு ஆள் கிடைச்சாச்சுன்னு சொன்னேன்."

"அதை என்கிட்ட சொல்லவே இல்லையே, சைமி!"

"உன்கிட்ட எதுக்குச் சொல்லணும்?" சைமிக்கு உண்மையிலேயே ஆச்சரியம். "நீதானே நின்ன."

பெப்பி விழுந்து விழுந்து சிரித்தாள். தெக்லே அகப்பையில் தண்ணீர் மொண்டு கற்கள்மேல் ஊற்றினாள். ஆவி எழுந்து மூன்று பேரையும் மறைத்தது. கண்ணைத் துடைத்துக்கொள்ள அது வசதியாக இருந்தது. ஐந்து மணி பஸ் சாலை முக்கைத் தாண்டிப் போனதை யாரும் கவனிக்கவில்லை.

இரவுச் சாப்பாட்டுக்கு அவள் பட்டுக் கவுனைப் போட்டு, காலில் ஐலாவின் கம்பளிக் காலுறையை மாட்டிக்கொண்டு வந்தாள். எனாமல் குவளையைத் தூக்கி, உருப்போட்ட பேச்சைச் சொன்னாள். இந்த நெருப்புக்கும், இந்தத் தண்ணீருக்கும், இவற்றைப் பார்த்துக்கொள்ளும் கைகளுக்கும் என்று முடித்தாள். ஒருவரும் பேசவில்லை. உளறிவிட்டோம்போல என்று அவள் உட்காரப் போனபோது ஐலா பாத்திரம் துடைக்கும் துணியால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருப்பது தெரிந்தது.

"இன்னொரு தடவை சொல்லு" என்றார் தௌனோ. "மெதுவா."

அவள் மறுபடி சொன்னாள். இந்தச் சொல் செலவழிக்காத மனிதர்கள், அடுத்தவர் சொல்லைக் கேட்பதில் எத்தனை தாராளம் என்று நினைத்தாள். குத்தாயிசியில் இருபது பேர் மேசையில் இப்படி ஒரு பேச்சை ஒருவனாவது முழுசாகக் கேட்டதுண்டா?

ஞாயிறு காலை தௌனோ தச்சுப் பென்சிலை எடுத்துக்கொண்டு வீட்டு நோட்டுப் புத்தகத்தின்முன் உட்கார்ந்தார். எல்லா ஏரி வீட்டிலும் இருப்பதுதான். தண்ணீர் எத்தனை டிகிரி, யார் வந்தார்கள், என்ன மீன் கிடைத்தது என்று வருடக்கணக்காக எழுதி வருவார்கள். எழுதி முடித்துவிட்டு அவர் விறகுக்குப் போனார். தெக்லே குனிந்து வாசித்தாள்.

"அக்டோபர் 12. தண்ணீர் 7. மேடை ஏறியது. சத்தம் போட்டோம். சுலபமாக வந்தது."

அதற்குக் கீழே இன்னொன்று.

"மே. பனி போனதும் மேடை இறக்க வேண்டும். 1 தௌனோ. 2 யூசோ. 3 தெக்லே. 4 சைமி. கயிறு: ஐலா, பெப்பி (?)"

பெப்பி அதைப் பார்த்துவிட்டுக் குதித்தாள். "கேள்விக்குறியோட இருந்தா என்ன, பேரு வந்துடுச்சு!"

தெக்லேயின் பெயருக்குப் பக்கத்தில் கேள்விக்குறி இல்லை. அவள் அந்த வரியை மறுபடி மறுபடி படித்தாள். அம்மா ஒன்றரை வருடமாகக் கேட்ட கேள்விக்கு யாரோ பென்சிலால் பதில் எழுதி வைத்திருந்தார்கள்.

தௌனோ விறகோடு உள்ளே வந்தார்.

"மே மாசம் நான் இங்க இருப்பேனான்னு நீங்க என்னைக் கேக்கவே இல்லையே?" என்றாள்.

அவர் விறகைக் கீழே போட்டார். முகத்தில் பதற்றம். "ஏன், எங்கயாவது போறியா?"

"இல்ல" என்றாள் தெக்லே. "எங்கயும் போகல."

"அப்புறம் என்ன!" என்று அவர் குனிந்து விறகை அடுக்க ஆரம்பித்தார்.

அவள் போய்ப் பையின் அடியிலிருந்து படிவத்தை எடுத்து வந்தாள். அடுப்பின் கதவைத் திறக்கப் போனபோது அவர் கையை நீட்டித் தடுத்தார்.

"அச்சடிச்ச தாளா? அதை அடுப்புல போடாதே, புகை அடைச்சுக்கும். பழைய காகிதம் போடற பெட்டி வாசல்ல இருக்கு."

தெக்லே வாசலுக்குப் போனாள். நான்கு பெட்டிகள் இருந்தன. சரியான பெட்டிமுன் அவள் குனிந்தபோது உள்ளேயிருந்து குரல் வந்தது.

"பின் அடிச்சிருந்தா அதைக் கழட்டிட்டுப் போடு. பின்னு உலோகப் பெட்டிக்குப் போகணும்."

"சரி" என்று சொல்லி, அவள் நகத்தால் பின்னை நிமிர்த்த ஆரம்பித்தாள்.