மூன்று படி கழித்தேன்

காது விஷயத்தில் நான் ரொம்பக் கறார். கேட்கும் திறனைச் சோதிக்கிற வேலையில் பன்னிரண்டு வருஷம் ஓட்டியாகிவிட்டது. என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் பட்டறைகளிலும் கட்டட வேலையிலும் இருப்பவர்கள். வருஷத்துக்கு ஒரு முறை கம்பெனியே அனுப்பிவைக்கும். சோதனை முடிந்ததும் எல்லோருக்கும் இலவச இணைப்பாக என்னிடம் ஒரு திட்டும் உண்டு. "சத்தம் நுழையாம காதுல ஸ்பாஞ்ச் வச்சுக்கச் சொன்னேனே, வச்சீங்களா?" என்பேன். "ஒரு நாள்தானே மேடம், ஒண்ணும் ஆகாதுன்னு..." என்று இழுப்பார்கள். அவ்வளவுதான், பிடிபிடியென்று பிடித்துவிடுவேன்.

அந்த வியாழக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குக் கிளினிக்கைப் பூட்டப் போகும்போது, எதிர் அறை பிசியோதெரபிஸ்ட் மூன்று டிக்கெட்டுகளை விசிறி மாதிரி ஆட்டிக்கொண்டு வந்தான். தோள்வலிக்கு அவனிடம் வருகிற டிரம்மர் ஒருவர் கொடுத்தாராம். இரண்டு தெரு தள்ளி மைதானத்தில் ராக் கச்சேரி. அரை மணி நேரத்தில் ஆரம்பம். ரிசப்ஷனில் இருக்கிற பெண்ணை நாங்கள் வாயாடி என்றுதான் கூப்பிடுவோம். அவள் அவன் சொல்லி முடிப்பதற்குள் கைப்பையை மாட்டிக்கொண்டாள்.

"நான் வரலப்பா, எனக்குத் தலைவலி வந்துரும்" என்றேன்.

"அக்கா, இப்படியே இருந்தா நாப்பதுலயே கிழவி ஆயிருவீங்க" என்றாள் வாயாடி.

"விடு. காதுக்காரம்மா வந்தாலும் ரெண்டு காதையும் பொத்திக்கிட்டுத்தான் நிப்பாங்க. நமக்குத்தான் மானம் போகும்" என்றான் பிசியோ.

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. கிளினிக் சட்டையைக்கூட மாற்றாமல் கிளம்பிவிட்டேன்.

என் பையில் அன்றைக்கும் ஒரு டப்பா ஸ்பாஞ்ச் இருந்தது. மைதானத்தில் கூட்டம் எங்களைத் தள்ளிக்கொண்டே போய், என் உயரத்தைவிடப் பெரிய ஸ்பீக்கர் ஒன்றின் பக்கத்தில் விட்டது. கை தானாகப் பைக்குள் போனது. பிசியோ என்னைப் பார்த்துச் சிரித்தான். கையை வெளியே எடுத்துக்கொண்டேன். ஒரு நாள்தானே, ஒண்ணும் ஆகாது என்று நினைத்தேன். சத்தியமாக அதே வார்த்தைகளில்தான் நினைத்தேன்.

முதல் பாட்டிலேயே நெஞ்செலும்பு அதிர்ந்தது. எந்தப் பாட்டும் எனக்குத் தெரியாது, ஒரு வரியும் புரியவில்லை. ஆனாலும் குதித்தேன். வாயாடியின் கையைப் பிடித்துக்கொண்டு தொண்டை கட்டுகிற வரைக்கும் கத்தினேன். கிளிப் கழன்று முடி அவிழ்ந்து தொங்கியது, கண்டுகொள்ளவில்லை. அத்தனை சந்தோஷமாக நான் இருந்து பல வருஷம் ஆகியிருந்தது.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சாப்பாடு கேட்டேன். "எதுக்குடி கத்துற? பக்கத்துலதானே நிக்கிறேன்" என்றாள். காதுக்குள் ஙொய்யென்று ஒரு சத்தம் ஓடிக்கொண்டே இருந்தது. காலையில் அது நின்றுவிட்டது. அத்தோடு நானும் அதை மறந்துவிட்டேன்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. முதல் ஆள் வருவதற்கு முன்னால் சோதிக்கிறவரே ஹெட்போனை மாட்டி, ஒவ்வொரு சத்தமும் சரியாக வருகிறதா என்று கேட்டுப்பார்க்க வேண்டும். தினமும் மெஷினுக்கு என் காதுதான் சாட்சி. வெள்ளிக்கிழமை காலை தடித்த சத்தங்கள் வழக்கம்போல் வந்தன. கீச்சென்ற மெல்லிய சத்தங்கள் மட்டும் வரவில்லை. அளவை மூன்று படி ஏற்றிய பிறகுதான் கேட்டன.

மெஷின் மந்தமாகிவிட்டது என்று முடிவுகட்டினேன். போன மாதம்தான் அதன் ஒயரில் ஒரு கோளாறு வந்து சரிசெய்திருந்தோம். மெக்கானிக்குக்கு போன் போட்டால், திங்கட்கிழமைதான் வர முடியும் என்றார். முறைப்படி அன்றைய சோதனைகளைத் தள்ளிப்போட்டிருக்க வேண்டும். எனக்குத்தான் எல்லாம் தெரியுமே! மெஷின் காட்டுவதைவிட மூன்று படி குறைவாகத்தான் சத்தம் வருகிறது, அதனால் எல்லோருடைய கணக்கிலும் மூன்று படி கழித்துவிட்டால் சரியாகிவிடும் என்று ஒரு தாளில் எழுதி ஒட்டிவைத்தேன். முந்தின சாயங்காலம் எங்கே நின்றேன் என்பது மனதின் ஒரு மூலையில் உறுத்திக்கொண்டுதான் இருந்திருக்கும். என் காதைச் சந்தேகப்பட என் திமிர் விடவில்லை.

பதினோரு மணிக்கு கிரேன் ஓட்டுகிறவர் வந்தார். ஐம்பது தாண்டியவர், நாலு வருஷமாக வருகிறார். ஒவ்வொரு வருஷமும் அவர் காது ஒரு படி இறங்கிக்கொண்டே வந்தது. ஒரு கோட்டைத் தாண்டினால் கம்பெனி அவரை கிரேனில் ஏற விடாது.

"ரெண்டு நாளா தூக்கமே இல்லம்மா" என்றார். "நான் வேலை பாக்குற எடத்துல என் மருமகன்தான் கீழ நின்னு கொக்கி மாட்டுறான். அவன் சத்தம் குடுத்தாத்தான் நான் தூக்குவேன். என்னைக் கீழ எறக்கிட்டா அவன் முன்னாடி எப்படித் தலை நிமிர்ந்து நிப்பேன்?"

கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, சத்தம் கேட்டபோதெல்லாம் பொத்தானை அழுத்தினார். மெஷின் காட்டியபடி பார்த்தால் கோட்டைத் தாண்டி இரண்டு படி. நான் மூன்று படி கழித்தேன். பாஸ். கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தேன். அவர் கண் கலங்கி, என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, வாசலிலேயே நின்று மனைவிக்கு போன் செய்தார். அன்றைக்கு வந்த மற்ற நாலு பேருக்கும் கழித்தாலும் கழிக்காவிட்டாலும் முடிவு ஒன்றுதான்.

திங்கட்கிழமை மெக்கானிக் தன் கருவியை வைத்து ஒரு மணி நேரம் அளந்தார்.

"மெஷின்ல ஒரு குறையும் இல்ல மேடம். கனகச்சிதமா இருக்கு. குறையுதுன்னு யாரு சொன்னாங்க?"

ஹெட்போனை வாங்கி மாட்டினேன். கீச்சுச் சத்தங்கள் எல்லாம் பழைய அளவிலேயே கணீரென்று கேட்டன. நாலு நாளில் தேறியது மெஷின் இல்லை, என் காது. எனக்கு முகம் எரிந்தது. "தெரியலைங்க, நான்தான் ஏதோ..." என்று அவரிடம் உளறினேன். அடுத்தவர்களை உட்காரவைத்து நான் திட்டியதெல்லாம் நினைவுக்கு வர, நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

ஒட்டிவைத்த தாளைக் கிழித்துப் போட்டால் போதும், ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது. கிழிக்கவும் செய்தேன். அன்று மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தவள் அப்படியே மூடிவிட்டேன். மேலே அந்தக் கிரேன்காரர், கீழே அவர் மருமகன், நடுவில் நான் போட்ட கையெழுத்து. உடனே கம்பெனிக்கு போன் செய்து, மறுசோதனை முடிகிற வரைக்கும் அவரைக் கிரேனில் ஏற்ற வேண்டாம் என்றேன். காரணம் கேட்டார்கள். "மெஷின் பிரச்சினை" என்றேன். அப்போதும் பழியை மெஷின் மேல்தான் போட்டேன்.

செவ்வாய்க்கிழமை அவர் வேலைச் சட்டையோடு வந்தார். இந்த முறை எதையும் கழிக்கவில்லை. கோட்டைத் தாண்டி அதே இரண்டு படி. வேறு தாளில் வேறு கையெழுத்துப் போட்டேன். அவர் அதை வாங்கி, மடித்து, மறுபடியும் பிரித்துப் பார்த்தார்.

"அப்ப வெள்ளிக்கிழமை பாஸுன்னீங்களேம்மா?"

அவரோடு வராந்தா வரைக்கும் வந்தேன். அங்கே பெஞ்சில் ஆறேழு பேர் காத்திருந்தார்கள். மேஜையில் வாயாடி. எதிர் அறை வாசலில் பிசியோ. அவர் போவதற்குள் சொல்லியாக வேண்டும். தரையைப் பார்த்துக்கொண்டு, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னேன். தப்பு மெஷின் மேல இல்லண்ணா, என் மேலதான். முந்தின நாள் கச்சேரிக்குப் போய் ஸ்பீக்கர் பக்கத்துல நின்னு என் காது மந்தமாயிருச்சு. அது தெரியாம உங்களுக்குத் தப்பாப் போட்டுட்டேன். மன்னிச்சிருங்க.

அவர் தலையைச் சாய்த்து என் வாயைப் பார்த்தார்.

"என்னம்மா? கேக்கல."

இன்னொரு தரம் சொன்னேன். அவர் ஒரு கையைக் காதுக்குப் பின்னால் குவித்துக்கொண்டு, சங்கடமாகச் சிரித்தார். "கொஞ்சம் சத்தமா சொல்லுங்கம்மா. மெதுவா பேசினா இப்பல்லாம் வெளங்குறதில்ல."

மூன்றாவது தரம் நிமிர்ந்து நின்று, ஒவ்வொரு வார்த்தையாகக் கத்திச் சொன்னேன். வாயாடி எழுதுவதை நிறுத்திவிட்டாள். பிசியோ உள்ளே போய்விட்டான். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். உடம்பெல்லாம் கூசியது.

அவருக்கு இப்போது கேட்டுவிட்டது. தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கோபப்படுவார் என்று காத்திருந்தேன். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"கச்சேரியா?" என்றார். "நல்லா இருந்துச்சாம்மா?"

குத்தலாகக் கேட்கவில்லை, நிஜமாகத்தான் கேட்டார். அதற்கும் நான் சத்தமாகத்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.