திருத்தம் தோற்றது

விடியும் முன்பே சலவை ஆலையின் கொதிகலன் சீறத் தொடங்கிவிடும். நீர் சொட்டும் ஆஸ்பத்திரி விரிப்புகளை இருவர் இருவராக உதறி, இழுத்து, சூடான இஸ்திரி உருளைக்குள் கொடுப்பார்கள். ஆறு மணிக்குள் பெண்களின் கைகள் முழங்கை வரை ஊறி வெளுத்திருக்கும். உருளைக்கு முன்னாலிருந்த கம்பித் தடுப்பு வேகத்தைக் குறைக்கிறதென்று நிர்வாகம் அதைக் கழற்றிவிட்டது. போன மாதம் பெரியக்காவின் தம்பி மனைவிக்கு மூன்று விரல்கள் அதில் நசுங்கின.

பெரியக்கா இருபது வருஷமாக அங்கே விரிப்பு மடிப்பவள். பாதுகாப்புக் குழுவில் தொழிலாளர்கள் நான்கு பேர். அவர்களில் அவள் ஒருத்தி. நிர்வாகத் தரப்பில் மூவர். போன வாரக் கூட்டத்தில் அவள் தீர்மானம் கொண்டுவந்தாள்: தடுப்பு பொருத்தும்வரை உருளையை ஓட்டக் கூடாது. அதை 'கவனமாக ஓட்ட வேண்டும்' என்று மாற்றும்படி நிர்வாகத் தரப்பு திருத்தம் கொடுத்தது. கை தூக்கச் சொன்னார்கள். மூன்று கைகள் ஆதரவு, நான்கு எதிர்ப்பு. திருத்தம் தோற்றது, தீர்மானம் அப்படியே நிறைவேறியது.

கூட்டக் குறிப்பு கையெழுத்தானால்தான் எதுவும் அமலுக்கு வரும் என்றார் மேலாளர். அந்த வாரம் முழுக்க உருளை ஓடியது.

இன்று காலை குறிப்பு வந்தது. கவனமாக ஓட்ட வேண்டும் என்று ஒருமனதாக முடிவானது என்றிருந்தது. திருத்தம் வந்ததற்கோ தோற்றதற்கோ ஒரு வார்த்தை இல்லை.

பெரியக்கா ஈரக் கையோடு மாடியேறினாள்.

"ரெண்டுக்கும் அர்த்தம் ஒண்ணுதாம்மா. ஒரு சொல்லைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்காதீங்க" என்றார் மேலாளர்.

"அர்த்தம் ஒண்ணுதான்னா எங்க சொல்லையே எழுதிட்டுப் போங்க சார்."

ஆட்சேபணை இருந்தால் அடுத்த கூட்டத்தில் சொல்லலாம் என்றார். அடுத்த கூட்டம் மூன்று மாதம் கழித்து.

"அதுக்குள்ள இன்னும் எத்தனை விரல் போச்சுன்னு அதையும் குறிப்புல ஏத்துவீங்களா?"

அவர் கோப்பைப் புரட்டினார். கூட்டத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்து, அதைத் தட்டச்சும் செய்த எழுத்தர் மூலையில் தலை நிமிரவே இல்லை.

கீழே வந்து மற்றவர்களிடம் சொன்னாள். கை தூக்கியும் பிரயோஜனமில்லை, பேனா அவங்க கையிலதானே இருக்கு என்று அலுத்துக்கொண்டாள் ஒருத்தி. நம்ம பேனா என்ன ஆச்சு என்று கேட்டாள் பெரியக்கா.

தேநீர் இடைவேளையில் மடிப்பு மேசை மேல் ஒரு நோட்டை விரித்தார்கள். நான்கு உறுப்பினர்களும் ஞாபகப்படுத்திச் சொல்லச் சொல்ல, தீர்மானம், வந்த திருத்தம், தூக்கிய கைகள் எல்லாம் வரிசையாக ஏறின. ஒவ்வொருத்தியாகக் கையெழுத்துப் போட்டார்கள். நசுங்கிய கைக்காரியின் தங்கையும் போட்டாள்.

அப்போது எழுத்தர் இறங்கி வந்து நோட்டை வாசித்தார். திருத்தம் கொண்டுவந்தவர் மேலாளர் என்றிருந்த வரியில் விரலை வைத்தார்.

"திருத்தம் கொண்டுவந்தது மேலாளர் இல்லக்கா, கிடங்குப் பொறுப்பாளர். மேலாளர் வழிமொழிஞ்சார். இது ஒண்ணு தப்பா இருந்தாப் போதும், நம்ம குறிப்பு மொத்தமும் பொய்னு சொல்லிடுவாங்க."

பெரியக்கா பேனாவை அவரிடமே நீட்டினாள். எழுதியிருந்தது படிக்கத் தெரியும்படி ஒரே கோடு கிழித்து, மேலே சரியானதை எழுதினார். யார் திருத்தியது என்று தெரிய ஓரத்தில் சுருக்கொப்பமிட்டார். பிறகு, கடைசிப் பெயருக்குக் கீழே தன் பெயரை எழுதினார்.

இடைவேளை முடிந்த மணி அடித்தது. உருளை சூடாகச் சுற்றிக்கொண்டிருந்தது. விரிப்புக் கொடுக்க ஒருத்தியும் போகவில்லை. மாடிப்படியில் மேலாளரின் செருப்புச் சத்தம் கேட்டது. பெரியக்கா நோட்டை எடுத்துக்கொண்டு நடந்தாள். அவளோடு, நோட்டில் கையெழுத்திட்ட முப்பத்தெட்டுப் பேரும் படிக்கட்டை நோக்கி நகர்ந்தார்கள்.