புழு வீட்டுக்குப் பால் காய்ச்சியது

என் வீட்டுக்காரர் சிவபாண்டிக்குச் சொன்னது விளங்காது என்றில்லை. நன்றாக விளங்கும். விளங்கிய பிறகும் தன் இஷ்டப்படிதான் செய்வார். அது என் தலையெழுத்து.

கண்மாயை மூடிக் கிடந்த ஆகாயத்தாமரையை இடுப்பளவு தண்ணீரில் நின்று ஒரு வாரம் அள்ளினோம். துண்டு துண்டாக வெட்டி, வாடவிட்டு, சாணம் கலந்து சிமெண்ட் தொட்டியில் போட்டு நாலு நாள்தான் ஆகியிருந்தது. பச்சைக் களை மக்கும்போது உள்ளே கொதிக்கும். இருபது நாள் ஆறிய பிறகுதான் மண்புழு விட வேண்டும். பத்துத் தடவை சொன்னேன். அவர் கையைப் பிடித்து உள்ளே வைத்தும் காட்டினேன். “ஆமா, சுடுது” என்றார்.

புழு, பேரையூர் மாயக்காள் கொடுத்தது. மண்புழு உரப் பயிற்சியில் பழக்கமானவள். தன் தொட்டியில் பாதியை அள்ளித் தந்தாள். செத்துப்போனால் இன்னொரு முறை எந்த முகத்தோடு கேட்பது? மாட்டுக்கொட்டகை நிழலில் ஒரு டப்பில் பழைய சாணம் போட்டு, ஈரச்சாக்கால் மூடி, கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நேற்று திருநகர் நர்சரிக்குப் போய்விட்டு வந்து பார்த்தால், தொட்டிக்குச் சந்தனம், குங்குமம். டப் காலி. அவர் சிரித்தபடி டம்ளரை நீட்டினார்.

“பால் காய்ச்சிட்டேன் கனகு. குடி.”

“எதுக்கு?”

“புழுவெல்லாம் குடிபோயிருச்சுல்ல. நாளைக்கு ஆடி பொறக்குது. ஆடியில யாராச்சும் புது வீட்டுக்குப் போவாகளா?”

“ஆடியில வெதைக்கிறீகள்ல? அது மட்டும் ஆகுமாக்கும்?”

“அது வெத. இது உசுரு.”

“ஏங்க, சூடு ஆறலைன்னு சொன்னேனா இல்லையா?”

“சொன்னே. புது வீடுன்னா கொஞ்சம் வெக்கையாத்தான் இருக்கும்.”

டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு ஓடினேன். தொட்டியின் விளிம்பெல்லாம் புழுக்கள் ஏறி நெளிந்துகொண்டிருந்தன. கிளறிப் பார்த்தால் உள்ளே போனவை வெளிறிக் கிடந்தன. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அதைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது. வாளியைக் கொண்டுவந்து எதிரில் குனிந்து பொறுக்க ஆரம்பித்தார்.

பொழுது சாயும்வரை ஒவ்வொன்றாகப் பொறுக்கியதில் பாதி தேறியது. அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து, என் கையிலிருந்த வாளிக்குள் எட்டிப் பார்த்தார்.

“நல்ல நேரம் பாத்து விட்டேன். அதான் இம்புட்டாச்சும் பொழச்சிருக்கு.”

வாளியை அப்படியே அவர் தலையில் கவிழ்த்திருப்பேன். உள்ளே புழு இருந்தது.