கோள வடிவக் கோழி

"உயிர் என்று தனியாக ஒன்றும் கிடையாது. இருப்பது இயற்பியல் மட்டும்தான். ஒரே ஒரு சமன்பாட்டைக் கையில் கொடுங்கள், நாமக்கல் வட்டாரத்துக் கோழிகள் அத்தனையையும் இந்தக் கரும்பலகையில் எழுதிக் காட்டுகிறேன்."

இதைச் சொன்னவர் எங்கள் கல்லூரி இயற்பியல் பேராசிரியர் மருதாசலம். சொன்ன ஆண்டு 1982. சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. நாங்களும் சிரிக்கவில்லை. வருகைப் பதிவு இன்னும் எடுத்திருக்கவில்லை.

அந்த வருடம்தான் பல்கலைக்கழகம் 'உயிரியற்பியல்: ஓர் அறிமுகம்' என்ற விருப்பப் பாடத்தைக் கல்லூரிகளுக்கு அனுப்பி வைத்திருந்தது. பாடத்திட்டம் வந்துவிட்டது. புத்தகம் வரவில்லை. நடத்தத் தெரிந்தவர் யாரும் அக்கம்பக்கத்தில் இருப்பதாகவும் தகவல் இல்லை. இந்த நிலையில் நான் நடத்துகிறேன் என்று கை தூக்கியவர் மருதாசலம். அறிவுத் தாகம் ஒன்றும் இல்லை. கோடை விடுமுறைக்கு முன் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு குழு வந்து பார்க்கும். குழுவுக்குப் பிடித்துப்போனால் உயிரியற்பியல் தனித் துறை ஆகிவிடும். தனித் துறைக்கு ஒரு தலைவர் வேண்டும். தலைவருக்குத் தனி அறையும் சுழலும் நாற்காலியும் உண்டு. குழுவுக்குப் பிடிக்காவிட்டால் பாடத்தையே மூடிவிடுவார்கள். மருதாசலம் பல வருடங்களாக இயற்பியல் துறையின் பொது அறையில், பீரோக் கதவைத் திறந்தால் முதுகில் இடிக்கிற இடத்தில் உட்கார்ந்திருந்தார்.

நாங்கள் அந்தப் பாடத்தில் சேர்ந்ததற்கும் காரணம் உண்டு. இன்னொரு விருப்பப் பாடம் மின்னணுவியல். அதில் ஷாக் அடிக்கும்.

மருதாசலத்துக்கு விலங்கியல் துறையைக் கண்டாலே ஆகாது. "அங்க என்ன செய்யறாங்க? தவளையை அறுக்கறாங்க, படம் போடறாங்க, கலர் அடிக்கறாங்க, அம்புக்குறி இழுத்துப் பேரு எழுதறாங்க. பென்சில் சீவத் தெரிஞ்சவனெல்லாம் அங்க விஞ்ஞானி" என்பார். விலங்கியல் துறைத் தலைவர் வசந்தாமணி மேடம் வராந்தாவில் போகும்போது இதையே கொஞ்சம் சத்தமாகச் சொல்வார். மேடம் திரும்பிப் பார்க்காமல் போவார். அவர் கையில் உண்மையாகவே நாலைந்து கலர் பென்சில்கள் இருக்கும்.

ஒரு திங்கட்கிழமை மருதாசலம் கரும்பலகையில் ஒரு வட்டம் போட்டார். காம்பஸ் இல்லாமல் போட்ட நல்ல வட்டம்.

"கோழி ஒரு கோளம் என்று வைத்துக்கொள்வோம். கால்கள் மெலிந்தவை, புறக்கணிக்கிறோம். இறகுக்கு எடை கிடையாது, புறக்கணிக்கிறோம். தலை, கழுத்து, அலகு, எல்லாம் மொத்தப் பரப்பில் சொற்பம். புறக்கணிக்கிறோம்."

முட்டையையும் புறக்கணித்தார். நாமக்கல்லில் நின்றுகொண்டு முட்டையைப் புறக்கணித்த முதல் மனிதர் அவராகத்தான் இருக்க வேண்டும்.

செங்கோட்டையன் எழுந்தான். அவன் அப்பா பரமத்தி ரோட்டில் கோழிப்பண்ணை வைத்திருந்தார். பையன் பக்கத்தில் உட்கார்ந்தால் தீவன வாசனை அடிக்கும்.

"ஏனுங்க சார், மூக்கைக் கழிச்சுப் போட்டா அது தீனி எதுல திங்குங்க?"

"தீனியையும் கழிச்சாச்சு சாமி. உக்காரு."

பிறகு சமன்பாடு வந்தது. கோழியின் உடம்பு உள்ளுக்குள் சூட்டை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். வெளிக்காற்றும் அதே அளவு கொதிக்கும்போது அந்தச் சூடு வெளியேற வழியில்லை. ஆகவே சித்திரை வெயிலில் ஒரு மணி நேரத்துக்குள் உடல் வெப்பம் ஐந்து டிகிரி ஏறும். அதற்கு அடுத்த வரியில் கோழி செத்துப்போயிற்று. அதன் அடியில் இரண்டு கோடு போட்டார்.

செங்கோட்டையன் மறுபடியும் எழுந்தான். "எங்கூட்டுல மூவாயிரம் இருக்குதுங்க சார். போன சித்திரையிலயும் இதே வெயில்தானுங்க. ஒண்ணு ரெண்டு போச்சுங்க, மத்ததெல்லாம் நல்லாத்தானுங்க இருக்குது."

மருதாசலம் கரும்பலகையையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டில் ஒன்று தவறு. கரும்பலகையில் இருந்தது அவருடைய கையெழுத்து.

"உங்கப்பா சரியா எண்ணிப் பார்த்திருக்க மாட்டாரு" என்றார்.

குழுவுக்கு இந்தக் கணக்கையே செய்து காட்டுவதாக முடிவாயிற்று. கோழியை ஒரு மரப்பெட்டியில் வைத்து, பல்பு எரியவிட்டுச் சூடாக்க வேண்டும். கால் மணி நேரத்தில் ஒரு டிகிரி ஏறியதும் நிறுத்திவிட வேண்டும். கோழியும் பிழைக்கும், சமன்பாடும் பிழைக்கும். அதற்கு விலங்கியல் ஆய்வகத்தில் இரண்டு பல்பு இரவல் வாங்கினோம். பல்போடு வசந்தாமணி மேடமும் எங்கள் வகுப்பு வாசல்வரை வந்தார்.

"கோழிக்கு உள்ள காத்துப்பைக இருக்குதுங்க சார். அது மூச்சு விடற விதமே வேறங்க. படம் ஒண்ணு தரட்டுங்களா?"

"இங்க கலர் அடிக்கற பழக்கமில்லீங்க மேடம்" என்றார் மருதாசலம். நாங்கள் சிரித்தோம். அன்றைக்கும் வருகைப் பதிவு பாக்கி இருந்தது.

குழு ஒரு வியாழக்கிழமை வந்தது. மூன்று பேர். குழுத் தலைவர் வயதானவர். சேலத்தில் சூரமங்கலத்தில் இருந்த மகள் வீட்டிலிருந்து காரில் வந்திருந்தார். தலைக்கு மேல் ஓடிய மின்விசிறி வெயிலைத்தான் கலக்கிக்கொண்டிருந்தது. செங்கோட்டையன் கூடையிலிருந்து வெள்ளை லெகான் கோழியை எடுத்து மேஜைமேல் வைத்தான். மருதாசலம் ஓரடி பின்வாங்கினார். கோழியைச் சுண்ணாம்புக்கட்டியில் மட்டுமே அறிந்தவர் அவர். அவன் காதருகே குனிந்தார்.

"இதைவிட உருண்டையா ஒண்ணு கிடைக்கலையா?"

"இருக்கறதுலயே இதுதானுங்க சார் உருண்டை."

தெர்மாமீட்டரை எங்கே வைப்பது என்று தலைவர் கேட்டார். மருதாசலம் யோசிப்பதற்குள் செங்கோட்டையன், "பின்னாடிங்க" என்றான்.

தலைவர் கரும்பலகை வட்டத்தை நிதானமாகப் பார்த்தார். "இதுக்குப் பின்னாடி எதுங்க?"

 செங்கோட்டையன் கோழியின் வாலைத் தூக்கித் தெர்மாமீட்டரை வைத்துவிட்டான். கோழி பெட்டிக்குள் போனது. பெட்டியின் முன்பக்கம் கண்ணாடி, பக்கவாட்டில் கை நுழைய ஓர் ஓட்டை. பல்பு எரிந்தது. தெர்மாமீட்டரைப் படித்துச் சொல்லும் வேலை எனக்கு. ஏறப்போகும் வெப்பத்துக்கு மருதாசலம் வரைபடத் தாளில் முன்கூட்டியே ஒரு கோடு இழுத்து ஒட்டியிருந்தார். நேர்க்கோடு, மேலே போகும் கோடு.

கோழி கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. பிறகு இறக்கையை உடம்பிலிருந்து விலக்கியது, கழுத்தை நீட்டியது, அலகை அகலத் திறந்து படபடவென்று மூச்சு வாங்க ஆரம்பித்தது. தொண்டை பட்டாணி உருள்வதுபோல் ஆடியது. கால் மணி நேரம் ஆயிற்று.

"ஏறிச்சா?" என்றார் மருதாசலம்.

"இல்லீங்க சார்."

"தெர்மாமீட்டரைத் தட்டிப் பாரு."

"தட்டிட்டேனுங்க."

"நல்லாத் தட்டுப்பா!"

நான் தட்டினேன். கோழி என்னை ஒரு கண்ணால் பார்த்தது. பாதரசம் அசையவில்லை. கோடு சொன்ன வெப்பத்தில் கோழி இல்லை. இருந்த இடத்திலேயே இருந்தது.

தலைவர் எழுந்து பெட்டிக்குப் பக்கத்தில் வந்தார். "அது எதுக்குங்க வாயைத் தொறந்துட்டு நிக்குது?"

"வாய்..." மருதாசலம் கரும்பலகை வட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். "வாய் புறக்கணிக்கப்பட்டதுங்க ஐயா."

"அதைக் கோழிகிட்டச் சொன்னீங்களா?"

குழுவின் மற்ற இருவரும் கைக்குட்டை எடுத்து முகம் துடைத்தார்கள். முகத்தைத் துடைக்க அவ்வளவு நேரம் பிடிக்காது.

"கோழிக்கு வேர்க்காதுங்க சார்" என்றார் தலைவர், பல்பை அணைக்கச் சொல்லிவிட்டு. "மூச்சுல ஈரம் போகுது. ஈரம் ஆவியாகிறப்ப சூட்டையும் எடுத்துட்டுப் போகுது. ஆவியாகிறது உங்க பாடம்தானுங்களே? விலங்கியல்காரங்க பாடமில்லையே? உங்க இயற்பியல் பூரா அந்த மூக்கு வழியாத்தான் போயிட்டிருக்குது. நீங்க அதை வெட்டிப் போட்டுட்டு வட்டத்தை வெச்சிருக்கீங்க."

செங்கோட்டையன் கோழிக்குத் தண்ணீர் காட்டினான். அது குடித்துவிட்டு மேஜைமேல் எச்சமிட்டது. அதையும் சமன்பாட்டில் சேர்த்திருக்கவில்லை.

காரில் ஏறும் முன் தலைவர் தீர்ப்புச் சொன்னார். "பாடத்தை இப்பவே மூட மனசில்லைங்க. ஒண்ணு செய்யுங்க. கோழியோட மூச்சுப்பாதை, காத்துப்பைக, எல்லாத்தையும் நீங்களே உங்க கையால படம் போடுங்க. நுரையீரலுக்கு ஒரு கலர், காத்துப்பைக்கு ஒரு கலர், பாகம் குறிச்சிருக்கோணும். திங்கக்கிழமை நான் ரயிலேறறதுக்குள்ள சூரமங்கலத்துக்குக் கொண்டாந்து குடுங்க. ஒரு கோழியை முழுசாப் பார்த்திருக்கீங்கன்னு தெரிஞ்சாத் தனித் துறைக்கு எழுதறேன். இல்லாட்டி மூடறதுக்கு எழுதறேன்."

மருதாசலம் தலையை ஆட்டினார். எந்தப் பக்கமாக ஆட்டினார் என்று எங்களில் யாருக்கும் பிடிபடவில்லை. கார் போன பிறகு எங்களிடம், "குழுவுல இயற்பியல் தெரிஞ்ச ஆளே இல்லப்பா" என்றார்.

சனிக்கிழமை மத்தியானம், இரவல் வாங்கிய பல்புகளைத் திருப்பித் தர விலங்கியல் ஆய்வகத்துக்குப் போனேன். கதவு பாதி சாத்தியிருந்தது. உள்ளே பார்மலின் நெடி. புட்டிகளில் பாம்பும் ஓணானும் கண் திறந்தபடி ஊறிக்கொண்டிருந்தன. வசந்தாமணி மேடம் தன் மேஜையில் ரெக்கார்டு நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தார். கடைசி பெஞ்சில், சன்னல் வெளிச்சத்தில், முழுக்கைச் சட்டையை முழங்கைவரை மடித்துவிட்டு மருதாசலம் உட்கார்ந்திருந்தார்.

எதிரே சுவரில் கோழியின் உள்ளுறுப்புப் படம் தொங்கியது. பெஞ்சின்மேல் பென்சில் சீவிய சுருள்கள் குவிந்திருந்தன. நுரையீரலுக்கு ரோஸ் அடித்து முடித்துவிட்டு, காற்றுப்பைக்கு நீலம் தீட்டிக்கொண்டிருந்தார், ஓரம் வழியாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு. நாக்கு நுனி லேசாக வெளியே எட்டிப் பார்த்தது. பிறகு அளவுகோல் வைத்து ஓர் அம்புக்குறி இழுத்து, அதன் முனையில் 'அலகு' என்று எழுதினார். எழுதியதைத் தூரப் பிடித்துப் பார்த்தார்.

நான் பல்புகளைச் சத்தமில்லாமல் வாசல் பெஞ்சில் வைத்தேன். மேடம் என்னைப் பார்த்துவிட்டு அடுத்த நோட்டைத் திறந்தார். மருதாசலம் நிமிராமலே, குரலை இறக்கிக் கேட்டார்.

"மேடம், கொண்டைக்கு இந்தச் சிவப்பு போதுங்களா? இன்னும் கொஞ்சம் அழுத்தோணுங்களா?"

குழு கேட்டது மூச்சுப்பாதையை மட்டும்தான். கொண்டையை யாரும் கேட்கவில்லை.