ஒரு பழத்தின் இரண்டு கொட்டைகள்

அன்று ஓட்டலின் முன்முற்றத்தில் இருந்தவர்கள் இவர்கள்: ருவெச்சுங்குராவின் பேரனும் கைஜகேயின் மகனும் இந்த ஓட்டலின் மூன்றாம் தலைமுறை எஜமானுமாகிய கியாருசி, அதாவது நான், என் மகன் முகன்யிசி, அவன் மனைவி கெமிலெம்பே, இடத்தை விலைக்குக் கேட்டு ஏரிக்கு அக்கரை நகரமான முவான்சாவிலிருந்து வந்திருந்த வியாபாரி மசாலு, பிறகு, யாரும் அழைக்காமலே எதிர்த்தீவிலிருந்து படகில் வந்த கொகுபன்சா என்ற கிழவியும் அவளுடைய ஆட்களும். வேறு யாரும் இல்லை. தாங்களும் அங்கே இருந்ததாகச் சொல்லிக்கொள்கிறவர்கள் எங்கள் ஊரான புகோபாவின் சந்தையில் நிறையப் பேர் உண்டு.

உலகமெங்கும் பரவிய நோய்க்குப் பயந்து விருந்தாளிகள் வராமல் போன வருஷம் அது. அவர்களுக்குப் பதிலாக ஏரி வந்தது. முதலில் தோட்டத்தை எடுத்துக்கொண்டது. அடுத்து சாப்பாட்டுக் கூடத்தின் படிகள் மறைந்தன. கடைசியில் அலை முன்சுவரின் அடியைக் குடையத் தொடங்கியது. தெற்குக் காற்று கிளம்பினால் அந்தச் சுவர் நிற்காது என்று பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். மசாலு சொன்ன விலை கேவலமானது. இருந்தாலும் அன்று மாலைக்குள் அவருக்குப் பதில் சொல்லியாக வேண்டும். விற்றுவிடலாம் என்றான் மகன்.

நீராவிக் கப்பலுக்குக் காத்திருக்கும் காப்பி வியாபாரிகளுக்காக என் தாத்தா ஆறு அறைகளோடு தொடங்கிய ஓட்டல் இது. என் அப்பா ஓட்டுக்கூரை போட்டு மாடி எழுப்பினார். நான் மின்சாரமும் வெந்நீரும் கொண்டுவந்தேன். போர்க்காலத்தில்கூட எங்கள் அடுப்பு அணையவில்லை. யாரிடமும் கைநீட்டி நின்ற குடும்பம் அல்ல எங்களுடையது. அன்றும் நான் யாரிடமும் கேட்கவில்லை.

படகுகள் கருங்கல் சுமையோடு தாழ்ந்து மிதந்து வந்தன. கொகுபன்சா பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் இறங்கி நேரே என்னிடம் வந்தாள்.

"என்னடா தம்பி, தண்ணி வீட்டுக்குள்ள எட்டிப் பாக்குது. நீ கழுத்துப் பித்தான் வரைக்கும் போட்டுக்கிட்டு நிக்கிற?"

என்னைத் தம்பி என்று கூப்பிட உலகத்தில் ஒருவர் மிச்சமிருப்பார் என்று மருமகள் எதிர்பார்க்கவில்லை. சிரிப்பை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

முகன்யிசி கற்களைப் பார்த்தான். "நல்ல கல்லுதாம்மா. ஒரு படகுக்கு என்ன விலை சொல்றீங்க? முதல்லயே பேசிக்கிட்டா நல்லது."

"விலையா?" அவள் என்னைப் பார்த்தாள். "உன் புள்ளைகிட்ட நீ ஒண்ணுமே சொல்லலையா?"

எங்கள் வீட்டில் அதைச் சத்தமாகப் பேசுவதில்லை. அரசர் காலத்தில் திருட்டுப் பட்டம் கட்டப்பட்டவர்களைக் கொண்டுபோய் விட்ட தீவு அது. கொகுபன்சாவின் தாத்தா திபெண்டாவை ஒரு மாட்டுக்காக அங்கே விட்டார்கள். ஒரு நாள் என் தாத்தாவின் தோணி காப்பி மூட்டைகளோடு கவிழ்ந்தது. திபெண்டா நீந்திப்போய் அவரைத் தலைமயிரைப் பிடித்து இழுத்துக் கரையேற்றினார். பாறைமேல் உட்கார்ந்து இருவரும் தொப்புளருகே கீறி, ஒரே காப்பிப் பழத்தின் இரண்டு கொட்டைகளை ரத்தத்தில் தோய்த்து, மாற்றி விழுங்கினார்கள். அதன்பிறகு இரண்டு வம்சமும் ஒன்றுதான். கொடுத்தது வாங்கியது என்ற கணக்கு கிடையாது. இந்த ஓட்டலின் அஸ்திவாரக் கற்களும் அந்தத் தீவிலிருந்து வந்தவையே.

சுதந்திரத்துக்கு அடுத்த வருஷமும் ஏரி இப்படித்தான் ஏறியது. தீவின் கரைக் குடிசைகள் மூழ்கின. அப்பா காசு கொடுத்த விருந்தாளிகளை அனுப்பிவிட்டு, மழைக்காலம் முழுக்க எல்லா அறைகளையும் தீவுப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் விட்டார். நான் சமையலறையில் படுத்தேன். ஊரில் கேட்டவர்களிடம், வேலைக்கு வந்தவர்கள் என்று அப்பா சொன்னார். காப்பி வியாபாரிகள் திருடன் வம்சத்தோடு ஒரு கூரையில் தங்கமாட்டார்கள் என்பது அவர் கணிப்பு. அதைக் குறை சொல்ல நான் யார்? நானும் மறைத்தவன்தான்.

மசாலு நாற்காலியில் சாய்ந்தபடி சிரித்தார். "தீவுக்காரங்க உதவியா? பெரியவரே, நாளைக்குக் காலைல கரண்டியெல்லாம் சரியா இருக்கான்னு எண்ணிப் பாருங்க."

"கரண்டி எங்களுக்கு எதுக்குப்பா," என்றாள் கொகுபன்சா. "நாங்க கையால திங்கறவங்க."

அவளுடைய ஆட்கள் சிரித்தார்கள். ஆனால் அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் எழுந்து, காப்பிக்கூடையைக் கொண்டுவரும்படி கெமிலெம்பேயிடம் சொன்னேன். வாசலுக்கு வரும் எவருக்கும் மெல்லுவதற்கு ஒரு பிடி காப்பிப் பழம் நீட்டுவது எங்கள் வழக்கம், மசாலுவுக்கும் நீட்டியிருந்தோம். இந்த முறை நான் பிடியாக அள்ளவில்லை. உலர்ந்த பழம் ஒன்றை எடுத்து, எல்லோரும் பார்க்கத் தோலைப் பிளந்தேன். ஒரு கொட்டையை அவள் உள்ளங்கையில் வைத்தேன். மற்றதை நான் வாயில் போட்டுக்கொண்டேன்.

"முகன்யிசி, இவங்க எனக்கு அக்கா," என்றேன். "உனக்கு அத்தை. அத்தைகிட்ட விலை கேக்கக் கூடாது."

அவன் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கி முதல் கல்லைத் தூக்கினான்.

கொகுபன்சா கொட்டையை மென்றபடி சொன்னாள்: "இதைச் சொல்ல உனக்கு எழுபது வயசு ஆகணுமா?"

"எழுபத்தொண்ணு," என்றேன்.

மாலையில் மசாலுவிடம் விற்பதாக இல்லை என்று சொன்னேன். மகன் மறுக்கவில்லை. தீவுக்காரர்கள் தினமும் வந்தார்கள். கொகுபன்சா என் நாற்காலியில் உட்கார்ந்து, எந்தக் கல் எங்கே என்று கத்திக்கொண்டிருந்தாள். தெற்குக் காற்று வந்தபோது அலைகள் அந்தக் கல்லணையில் மோதி உடைந்தன. முன்சுவர் நின்றது.

நன்றி என்ற சொல் எங்கள் மொழியிலும் உண்டு. சகோதரர்களுக்குள் அதைச் சொன்னால் அந்நியராக்கியது போல ஆகும். ஆகவே நான் சொல்லவில்லை. வெள்ளத்து வருஷம் அவள் தம்பி தங்கைகளோடு தங்கிய மூலை அறையைத் திறந்துவிட்டேன். காலையில் வாழைக்காயும் பீன்ஸும் வைத்த தட்டை நானே மாடிக்கு எடுத்துப் போனேன். ஓட்டலில் அது நான் சுமந்த முதல் தட்டு.

அவள் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு ஏரியைப் பார்த்தாள். "உப்பு கம்மி. உங்க அப்பா காலத்துலயும் கம்மிதான்."

உப்பு எடுத்துவர இறங்கினேன். படிகளில் என் கண்கள் நிறைந்திருந்தன. அதை யாரும் பார்க்கவில்லை. இப்போது நானே எழுதுகிறேன்: இந்த வீடு அவர்கள் கல்லில் தொடங்கியது, அவர்கள் கல்லில் நிற்கிறது. எங்கள் வம்சம் அதை மறவாது.

மசாலு ஓட்டலில் பாதியை வாங்கிவிட்டதாகச் சந்தையில் இன்னும் பேசிக்கொள்கிறார்கள். அவர் வாங்கவில்லை. இரண்டு இரவு தங்கினார். அதற்கான வாடகையைக் கொடுத்துவிட்டுப் போனார்.