அப்பாசாமி பார்த்த கடைசிக் காட்சி

மெர்டேக்கா என்று மலாயில் சொல்லும் சுதந்திரம் வந்த வருஷம் அது. ரோட்டு வேலை ஆட்கள் ஒரு ராத்திரி சேர்ந்து சினிமாவுக்குப் போனார்கள்; டிக்கெட் வகையில் அப்பாசாமி கூட்டாளி பொன்னுதுரைக்கு அறுபத்தைந்து காசு பாக்கி. மறுநாள் கஜா பெராங் வட்டாரத்துத் தேநீர்க் கடையில் எல்லாரும் அந்தப் படத்தைத்தான் அலசிக்கொண்டிருந்தார்கள். கல் உடைத்த அலுப்பில் அப்பாசாமி படத்தின் இரண்டாவது பாட்டு வரும்போதே தூங்கிப்போயிருந்தான். வாயை மூடிக்கொண்டிருந்தால் மானம் போய்விடுமே என்று ஆரம்பித்தான்.

“கடைசியில அண்ணன்காரன் தம்பி காலைப் பிடிச்சு அழுதானே, எனக்கே கண் கலங்கிடுச்சு.”

“படத்துல தம்பியே கிடையாதேப்பா,” என்றான் பொன்னுதுரை.

கடையே சிரித்தது. அப்பாசாமியும் சேர்ந்துகொண்டான். “அப்போ குறட்டைக்கு நடுவுல நானே ஒரு படம் எடுத்திருக்கேன் போல.”

“சரி, அந்தத் தம்பி என்னதான் செஞ்சான்?” என்று கேட்டான் பொன்னுதுரை.

“அவனுக்கு உன் மூஞ்சிதான். ‘அழுதது போதும், டிக்கெட் காசை எடு’ன்னான்.”

பொன்னுதுரைக்குச் சிரிப்பில் புரையேறியது. “தூக்கத்துலகூட நிம்மதி இல்லையா உனக்கு? போப்பா, அந்தக் காசு எனக்கு வேண்டாம்.”