பந்தைத் தொடாதவள்

பக்கத்து ஊர்ப் பெண்களோடு ஆடும் இந்தக் கால்பந்து ஆட்டத்தில் தோற்றால் மாலை நேர மைதானம் பையன்கள் அணிக்குப் போய்விடும். மைதானத்துக் காவலாளி சாவிக்கொத்தை விரலில் சுழற்றிக்கொண்டே அப்படிச் சொல்லிவிட்டார். மைதானம் போனால் பெண்பிள்ளைகள் அணியும் போச்சு. அதில்தான் என் மகள் ஆடுகிறாள். ஆள் சிறிசு என்பதால் எல்லோருக்கும் அவள் சுண்டெலி.

அவர்களுக்குப் பயிற்சி கொடுப்பவன் என் மச்சான், மனைவியின் தம்பி. பகலில் என்னோடு லாரியில் செங்கல் இறக்குகிறவன்.

பிள்ளைகளுக்கு ஒரே வியாதிதான். புயல் என்கிற பெண் பந்தை எடுத்துக்கொண்டு ஓடுவாள். மற்றவர்கள் எதிராளியின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "குடு, குடு" என்று தொண்டை கிழியக் கத்துவார்கள்.

"ஒளிஞ்சு நின்னுக்கிட்டு கேட்டா அவ எப்படிடி குடுப்பா?" என்றான் மச்சான். "கண்ணுல படுற எடத்துக்கு வாங்க. இனிமே வாயைத் திறக்கிறவ வெளியே உக்காரணும். லாரி மேலருந்து செங்கல்லு எறியறப்ப நான் கத்துறேனா? கையை நீட்டிக்கிட்டு தயாரா நிக்கிறேன்ல?"

"நேத்து கால்ல போட்டுக்கிட்டீங்களே மாமா," என்றாள் சுண்டெலி.

"அது உங்கப்பன் எறிஞ்ச லட்சணம்."

அன்றிலிருந்து மைதானத்தில் காலடிச் சத்தம் மட்டும்தான். பந்து வைத்திருப்பவளுக்கு இரண்டு பக்கமும் ஆள் வந்து நின்றது. "வந்தும் பந்து கிடைக்கலன்னா சும்மா நிக்காதே, விலகி ஓடு. உன்னைக் காவல் காக்கிறவளும் பின்னாலயே வருவா. அங்க எடம் காலியாகும்," என்று அதையும் சொல்லிக்கொடுத்தான்.

அவனால் அடக்க முடியாத வாய் ஒன்றே ஒன்று. அது அவன் அக்காவுடையது.

ஆட்டத்தன்று அரை நாள் லோடு இறக்கிவிட்டு, இடுப்பைப் பிடித்தபடி ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் மனைவி. "பந்துகிட்ட போடி" என்று அவள் போட்ட சத்தத்தில், பிறந்தது முதல் அந்தக் குரலுக்குப் பழகிய பிள்ளை நின்ற இடத்தை விட்டு ஓடியது. அந்த வழியாகவே எதிரணி புகுந்து கோல் போட்டது.

இடைவேளையில் மச்சான் வந்தான். "அக்கா, உன் கால்ல விழறேன். வாயை மூடிக்க."

"பெத்தவ சொல்லக் கூடாதா?"

"பெத்தது போதும். கொஞ்சம் ஆட விடு."

அவள் முறைத்தாள். பிறகு செங்கல் தூசி படிந்த என் துண்டை உருவி வாயில் பொத்திக்கொண்டாள்.

புயல் ஒரு கோல் போட்டுச் சமன் செய்தாள். கடைசி நிமிடம். புயலைச் சுற்றி மூன்று பேர். இடப்பக்கம் கண்ணாடி போட்ட சோடாபுட்டி வந்து நின்றாள், வலப்பக்கம் சுண்டெலி. சட்டென்று சுண்டெலி பந்துக்கு முதுகைக் காட்டி மறுகோடிக்கு ஓடத் தொடங்கினாள்.

துண்டு கீழே விழுந்தது. "அடியே, பந்து அங்க இருக்கு. நீ எங்கடி போற?"

சுண்டெலி திரும்பவில்லை. அம்மா கூப்பிட்டு அவள் திரும்பாதது அதுதான் முதல் தடவை. தடுக்க நின்ற இருவர் அவள் பின்னாலேயே போனார்கள். கோலுக்கு முன்னால் லாரி நுழைகிற அளவுக்கு வழி திறந்தது. புயல் தட்டிவிட்டாள். சோடாபுட்டி ஓடிவந்து ஒரே உதை. வலை குலுங்கியது.

பழக்கதோஷம், ஒரு கணம் எவளும் வாயைத் திறக்கவில்லை. பிறகு மொத்தமாகக் கத்தினார்கள் பாருங்கள், தெருவே எட்டிப் பார்த்தது. கோல் போட்ட சோடாபுட்டியே ஓடிப்போய்ச் சுண்டெலியைத் தோளில் தூக்கினாள். என் இடுப்புவலி போன இடம் தெரியவில்லை.

"அந்தப் பொண்ணு பந்தைத் தொடவே இல்லையே, அதை எதுக்குத் தூக்குறாங்க?" என்றார் காவலாளி.

"ரெண்டு பேரை இழுத்துக்கிட்டுப் போனது யாரு, உங்க பாட்டனா?" என்றாள் என் மனைவி, துண்டை உதறிக்கொண்டே. "ஆட்டம் தெரியாட்டி பேசாம சாவியைக் குடுங்க."

அவர் கொத்திலிருந்து ஒரு சாவியைக் கழற்றத் தொடங்கினார்.